யாருடைய கதை, யாருடைய கை: மத்திய ஆஸ்திரேலியப் பயணக் குறிப்புகள்

செவ்வாய், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

விமான நிலையத்துக்கு எங்களை அழைக்க வந்த தோழி மார்த்தாண்டத்துக்காரி. இந்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். "அக்கா, ரூமுக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு இடம் பார்த்துடலாம்" என்று பாரெட் டிரைவ் என்னும் சாலையின் ஓரமாக வண்டியை நிறுத்தினாள். அங்கே இருந்தது ஒரு தாழ்வான பாறைத்திட்டுதான். சாலை போடுவதற்காக வெட்டியிருக்கிறார்கள்.

இந்த ஊர் அரன்டா என்னும் பூர்வகுடி மக்களின் மண். அவர்கள் ஊருக்கு வைத்த பெயர் ம்பான்ட்வா. சுற்றியுள்ள மலைமுகடுகளைக் கம்பளிப்பூச்சி முன்னோர்கள் உருவாக்கினார்கள் என்பது அவர்கள் மரபு. வெட்டுப்பட்டது அந்த முன்னோர் ஒருவரின் வால். இதைத் தொடமாட்டோம் என்று மூத்தோருக்கு வாக்குக் கொடுத்த பிறகு, 1980களின் தொடக்கத்தில் வெட்டினார்கள். ஊர்க்காரர்கள் பலர் இன்றும் இதை 'வாக்குத் தவறிய சாலை' என்றுதான் சொல்கிறார்கள்.

மாலையில் டாட் மால் கடைத்தெரு. புல்வெளியில் பூர்வகுடிப் பெண்கள் சிலர் தாங்கள் வரைந்த சிறிய துணி ஓவியங்களை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தார்கள். சில அடி தள்ளி, கண்ணாடி போட்ட நினைவுப்பொருள் கடை ஒன்று. அதனுள் பூமராங், டிட்ஜெரிடூ, சாவிக்கொத்து எல்லாவற்றிலும் புள்ளிக்கோலம். டிட்ஜெரிடூ இந்தப் பாலைவனத்து வாத்தியமே இல்லை. அது இங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே, ஆர்னம் லேண்ட் பக்கத்து மக்களுடையது. யார் வரைந்தது என்று கேட்டேன். அட்டையைத் திருப்பிக் காட்டினார்கள். 'கையால் வரையப்பட்டது' என்று இருந்தது. யார் கை என்று இல்லை.

கீழ்த்தட்டில் கயிறு கட்டிய மரத்தகடு ஒன்று கிடந்தது. சுழற்றினால் உறுமும். பல பூர்வகுடிச் சமூகங்களில் இது ஆண்களின் சடங்குப் பொருள். பெண்கள் கண்ணில் படவே கூடாது. அதை விலை ஒட்டித் தட்டில் போட்டிருக்கிறார்கள், நான் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த இடத்தை விட்டு வேகமாக வெளியே வந்தேன்.

இந்த வியாபாரத்தின் அளவு தெரிய ஒரு வழக்கு போதும். பிருபி ஆர்ட் என்ற மொத்த விற்பனை நிறுவனம் 2015 ஜூலை முதல் 2017 நவம்பர் வரை பூமராங், டிட்ஜெரிடூ, நான் பார்த்தது போன்ற மரத்தகடு எனப் பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பொருட்களை நாடெங்கும் உள்ள கடைகளுக்கு விற்றது. எல்லாம் இந்தோனேசியாவில் செய்தவை. அவற்றின் மேல் 'அபாரிஜினல் ஆர்ட்', 'ஆஸ்திரேலியா' என்ற சொற்கள். ஆஸ்திரேலியப் போட்டி, நுகர்வோர் ஆணையம் வழக்குப் போட்டது. 2019-இல் நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் அந்த நிறுவனம் கலைப்பு நடவடிக்கைக்குப் போய்விட்டிருந்தது.

அந்தத் தீர்ப்பு வாங்குபவரை ஏமாற்றியதற்காக வந்தது. கோலத்தைத் திருடியதற்காக இல்லை. 'பூர்வகுடியினர் செய்தது' என்று சொல்லாமல், அந்தப் பாவனை கொண்ட பொருளை எங்கிருந்தோ இறக்கி விற்றால் நுகர்வோர் சட்டம் அவ்வளவாகக் குறுக்கே வராது. நாட்டின் உற்பத்தித்திறன் ஆணையம் 2022-இல் இந்தச் சந்தையை ஆராய்ந்தது. பூர்வகுடிப் பாணி நினைவுப்பொருட்களுக்குச் செலவாகும் பணத்தில் பாதிக்கும் மேல் போலிகளுக்கே போகிறது என்று அறிக்கை சொன்னது.

புதன், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

காலை முழுவதும் பப்புன்யா டூலா ஓவியக்கூடத்தில். டாட் மாலிலேயே இருக்கிறது. நேற்றைய கடையிலிருந்து நடக்கும் தூரம்.

பப்புன்யா இங்கிருந்து ஏறத்தாழ 240 கிலோமீட்டர் வடமேற்கில் உள்ள குடியிருப்பு. பாலைவனத்தில் தங்கள் தங்கள் நிலத்தில் வாழ்ந்தவர்களை அரசு ஒரே இடத்தில் கொண்டுவந்து குடிவைத்த ஊர். அங்கே 1971-இல் பெரியவர்கள் பள்ளிச் சுவரில் தேனெறும்புக் கதையை வரைந்தார்கள். பிறகு கிடைத்த பலகைகளிலெல்லாம் தங்கள் நிலத்தின் கதைகளை வரைய ஆரம்பித்தார்கள். 1972-இல் அவர்கள் அமைத்த நிறுவனம்தான் இது. இன்றும் ஓவியர்களே இதன் உரிமையாளர்கள். வரைபவர்கள் பெரும்பாலும் மேற்கே 500 கிலோமீட்டருக்கும் அப்பால் கிண்டோர் போன்ற ஊர்களில் இருக்கிறார்கள்.

எந்த ஓவியத்தைக் காட்டிக் கேட்டாலும் வரைந்தவர் பெயர், ஊர், வரைந்த ஆண்டு, எந்த நிலத்தின் கதை என்று தயங்காமல் சொல்கிறார்கள். ஓர் எல்லைக்கு மேல் கதையைச் சொல்வதில்லை. அதற்குக் காரணம் உண்டு. ஆரம்ப காலப் பலகைகள் சிலவற்றில் வெளியாருக்குக் காட்டக்கூடாத சடங்கு விவரங்கள் இடம்பெற்றுவிட்டன. பக்கத்துச் சமூகங்களின் மூத்தோர் கொதித்தார்கள். ஓவியர்கள் அந்த விவரங்களை விலக்கினார்கள். புள்ளிகள் பெருகிப் பரவி மறைக்க வேண்டியதை மறைத்தன. 2017-இல் டார்வின் அருங்காட்சியகம் அந்தக் காலப் பலகைகளைக் காட்சிக்கு வைத்தபோது முதலில் பெரியவர்களிடம் காட்டி, எவற்றை வைக்கலாம் என்று கேட்டது. அவர்கள் வேண்டாம் என்றவை காட்சிக்கு வரவில்லை.

ஒரே ஓர் ஓவியத்தின் கணக்கைச் சொல்கிறேன். 1972-இல் பப்புன்யாவில் வரையப்பட்ட, மழையும் நீரும் பற்றிய ஓவியம். வரைந்தவருக்குக் கிடைத்தது 150 டாலர். 1997-இல் ஏலத்தில் 2,06,000 டாலருக்குப் போனது. 2000-இல் மறுபடியும் ஏலத்துக்கு வந்து 4,86,500 டாலருக்கு விற்றது. அப்போது ஓவியர் முதியவராக, ஏழையாக இருந்தார். இரண்டு ஏலத்திலும் அவருக்குச் சேரவேண்டியது என்று சட்டப்படி எதுவும் கிடையாது. அடுத்த ஆண்டு இறந்துவிட்டார். இறந்தவர் பெயரைச் சொல்லாதிருப்பது இங்கே பல சமூகங்களில் மரியாதை. அதனால் நானும் எழுதவில்லை. அவர் போன்றவர்களின் கதை பேசப்பட்ட பிறகே மறுவிற்பனைப் பங்குச் சட்டம் 2009-இல் நிறைவேறியது; 2010 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. ஆயிரம் டாலருக்கோ அதற்கு மேலோ போகும் மறுவிற்பனையில் 5 சதவீதம் ஓவியருக்கு, அல்லது அவர் வாரிசுக்கு.

நேரடியாக ஏமாற்றும் ஆட்களும் உண்டு. மூத்த ஓவியர்களை விடுதி அறையில் உட்கார வைத்துத் துணியும் வண்ணமும் கொடுத்து, ஒரு பழைய காருக்கோ கைக்கடனுக்கோ ஈடாக ஓவியம் ஓவியமாக வாங்கிக்கொள்வார்கள். 2007-இல் நாடாளுமன்ற மேலவைக் குழு இதையெல்லாம் விசாரித்தது. அதன் தொடர்ச்சியாகத்தான் பூர்வகுடிக் கலை வணிகத்துக்கென்று ஒரு நடத்தை நெறி வந்தது. அதில் சேர்வது கட்டாயமில்லை என்பதுதான் குறை.

இரவு தோழி வீட்டில் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும். பேச்சு கலையிலிருந்து மற்ற வியாபாரங்களுக்குப் போனது. டெல்ஸ்ட்ரா தொலைபேசி நிறுவனத்துக்கு 2021-இல் 5 கோடி டாலர் அபராதம் விழுந்தது நினைவிருக்கலாம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் உள்ளிட்ட ஐந்து கடைகளில் 108 பூர்வகுடி வாடிக்கையாளர்களைக் கட்ட முடியாத ஒப்பந்தங்களில் கையெழுத்துப் போட வைத்திருந்தார்கள். பலருக்கு ஆங்கிலம் இரண்டாவது, மூன்றாவது மொழி. சராசரியாக ஒருவர் தலையில் 7,400 டாலர் கடன். இன்னொன்று யூப்லா. பூர்வகுடிகளின் சமூக நிதி என்று தோன்றும் பெயரில் பல ஆண்டுகள் நடந்த தனியார் ஈமச்சடங்குக் காப்பீட்டுத் தொழில். வாராவாரம் உதவித்தொகையிலிருந்து கட்டியவர்கள் ஆயிரக்கணக்கில். 2022-இல் நிறுவனம் கவிழ்ந்தது.

"அவங்களுக்குச் சாவுச் சடங்குன்னா சாதாரணம் இல்லக்கா. நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி மொத்த சொந்தமும் வந்து உக்காரணும். அந்தக் காசுல கை வெச்சுட்டாங்க" என்றாள் தோழி. அதன் பிறகு வெகுநேரம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வியாழன், ஹெர்மன்ஸ்பர்க்

மேற்கே 130 கிலோமீட்டர். லூத்தரன் சபையார் 1877-இல் தொடங்கிய மிஷன். வெள்ளையடித்த கட்டடங்கள், பேரீச்ச மரங்கள். அரன்டா மக்கள் இந்த ஊரை ந்டாரியா என்கிறார்கள். நாங்கள் போனது ஆல்பர்ட் நமட்ஜிரா பிறந்த மண்ணைப் பார்க்க. இந்தப் பெயரை எழுதலாம். குடும்பத்தாரே தங்கள் அறக்கட்டளைக்குச் சூட்டியிருக்கும் பெயர்.

1902-இல் பிறந்தவர். 1936-இல் ஓவியர் ரெக்ஸ் பாட்டர்பீயை ஒட்டகத்தில் அழைத்துக்கொண்டு சுற்றுப்புறமெல்லாம் காட்டினார். அதற்கு ஈடாக நீர்வண்ணம் கற்றுக்கொண்டார். 1938-இல் மெல்பர்னில் முதல் தனிக் காட்சி. எல்லா ஓவியங்களும் விற்றன. நாடெங்கும் வீடுகளின் கூடத்தில் அவர் வரைந்த வெள்ளை மரங்களும் ஊதா மலைகளும் தொங்கின. இந்த இடங்களை நேரில் பார்க்கும்போதுதான் அந்த ஊதா கற்பனை இல்லை என்று புரிகிறது. சாயங்காலம் நாலரைக்கு மலை அப்படியேதான் இருந்தது.

புகழின் உச்சியிலும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் வீடு கட்ட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. 1957-இல் அவருக்கும் மனைவி ரூபினாவுக்கும் முழுக் குடியுரிமை கொடுத்தார்கள். அது மற்ற உறவினர்களுக்கு இல்லை. ஆகவே அவர் மது வாங்கலாம், ஆனால் சொந்தத்தில் எவரோடும் பகிரக்கூடாது. இருப்பதைப் பகிர்ந்துகொள்வது கடமையாக உள்ள சமூகத்தில் அவர் என்ன செய்வார்? 1958-இல் அதற்காகத் தண்டித்தார்கள். 1959-இல் இறந்துவிட்டார்.

பதிப்புரிமையின் கதை அதற்குப் பிறகு. உயிலின்படி அது குடும்பத்துக்கு வரவேண்டியது. சொத்தை நிர்வகித்த அரசுப் பொது அறங்காவலர் 1983-இல் அதை ஒரு பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். குடும்பத்தைக் கேட்கவில்லை. பேரன் பேத்திகள் தாத்தாவின் ஓவியத்தை அச்சிட அந்நியரிடம் அனுமதி கேட்கும் நிலை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர்களுக்கு ஒரு காசு வரவில்லை. 2017 அக்டோபரில், தொழிலதிபர் டிக் ஸ்மித் நடுவில் நின்று பேசியதில், பதிப்புரிமை ஒரு டாலருக்கு நமட்ஜிரா அறக்கட்டளைக்குத் திரும்பியது. நல்ல முடிவுதான். ஆனால் ஒரு செல்வந்தருக்கு மனம் வைக்கத் தோன்றியதால் கிடைத்த நியாயம் இது. அவர் வராதிருந்தால், உரிமைக் காலம் முடியும் 2029 வரை குடும்பம் கைகட்டி நின்றிருக்கும். விற்றதோ மக்களைக் காக்க அமைந்த அரசு அலுவலகம். இதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை.

அவர் சந்ததியினர் இன்றும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் இல்ட்ஜா ந்ட்ஜாரா என்ற தங்கள் கலைமையத்தில் நீர்வண்ணத்தில் வரைகிறார்கள். கொள்ளுப்பேரன் வின்சென்ட் 2020-இல் உருவப்பட ஓவியத்துக்கான ஆர்ச்சிபால்ட் பரிசு வென்றார். அந்தப் பரிசை வென்ற முதல் பூர்வகுடி ஓவியர் அவர்தான்.

வெள்ளி, மெரீனி சாலை

செம்மண் சாலை. வரிவரியாகத் தேய்ந்து கிடக்கிறது, பல் ஆடுகிறது. இது பூர்வகுடி அறக்கட்டளை நிலத்தின் வழியே போவதால் அனுமதிச்சீட்டு வேண்டும். சில டாலர்தான். குறித்த இடங்களைத் தவிர வேறெங்கும் நிறுத்தவோ இறங்கவோ கூடாது. என் கணவர் வண்டி ஓட்ட, நான் காட்டு ஒட்டகங்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

சாலையில் போகும் எங்களுக்கே இத்தனை ஒழுங்கு. மேற்கு ஆஸ்திரேலிய மாநிலத்தின் பில்பராவில் 2020 மே 24 அன்று நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஜூக்கன் பள்ளத்தாக்கில் இருந்த இரண்டு பாறைக்குகைகளை ரியோ டின்டோ சுரங்க நிறுவனம் இரும்புத்தாதுக்காக வெடிவைத்துத் தகர்த்தது. ஒன்றில் 46,000 ஆண்டுகளாக மனிதர் வந்துபோன தடயங்கள். 2014 அகழாய்வில் ஏழாயிரம் பொருட்கள் கிடைத்திருந்தன. அவற்றில் நாலாயிரம் ஆண்டுப் பழமையான, தலைமுடியால் பின்னிய கயிறு ஒன்று. மரபணுவைச் சோதித்தபோது, அது இன்று அங்கே வாழும் புட்டு குண்டி குர்ராமா, பினிகுரா மக்களின் மூதாதையருடையது என்று தெரிந்தது.

நிறுவனம் செய்தது சட்டப்படி செல்லும். 1972-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தின் கீழ் 2013-இல் அனுமதி வாங்கியிருந்தார்கள். அகழாய்வில் இவ்வளவு கிடைத்த பின்னும் அந்த அனுமதியை மறுபரிசீலிக்க அப்போது அந்தச் சட்டத்தில் வழி இருக்கவில்லை. சுரங்கத்துக்கு நான்கு திட்டங்கள் இருந்தன, அவற்றில் மூன்று குகைகளைத் தொடாதவை என்று நாடாளுமன்ற விசாரணையில் வெளிவந்தது. அந்த மூன்றைப் பற்றி மண்ணுக்குரியவர்களிடம் நிறுவனம் சொல்லவே இல்லை. நான்காவதைத் தேர்ந்ததில் கூடுதலாகக் கிடைக்கும் தாதுவின் மதிப்பு சுமார் 13.5 கோடி டாலர். பிறகு தலைமை அதிகாரி உட்பட மூன்று உயரதிகாரிகள் விலகினார்கள். சட்டம் அனுமதிக்கிறதா என்று மட்டும் பார்த்து, எதிரே இருப்பவரிடம் உண்மையை முழுதாகச் சொல்லாத வியாபாரத்தை நேர்மையானது என்று என்னால் சொல்ல முடியாது.

கிங்ஸ் கேன்யனில் இரவு. சாப்பாட்டில் ககாடு பிளம் ஊறுகாய் போல ஒன்று வைத்தார்கள். வடக்குப் பகுதிப் பழம். வைட்டமின் சி மிக அதிகம். உணவாகவும் மருந்தாகவும் அதைக் காலங்காலமாக அறிந்து வைத்திருப்பவர்கள் அங்குள்ள பூர்வகுடி மக்கள். அதன் சாறு சேர்ந்த களிம்புக்கு ஓர் அமெரிக்க அழகுசாதன நிறுவனம் ஆஸ்திரேலியாவில் காப்புரிமை கேட்டு, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. நம் மஞ்சளுக்கு 1995-இல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்து, இந்தியா வழக்காடி 1997-இல் அதை ரத்து செய்ய வைத்தது ஞாபகம் வந்தது. நமக்கு அப்போது வழக்குப் போட ஓர் அரசு இருந்தது.

சனி, உலுரு

அந்தப் பெரிய சிவந்த ஒற்றைப் பாறையைப் பார்த்துவிட்டேன். அதை வருணிக்கப் போவதில்லை.

நிலம் 1985 அக்டோபர் 26 அன்று இந்த மண்ணுக்குரிய பூர்வகுடியினரான ஆனங்கு மக்களிடம் சட்டப்படி திரும்ப வந்தது. அன்றே தேசியப் பூங்காவாக 99 ஆண்டுக் குத்தகைக்கும் போனது. ஏறாதீர்கள் என்று அவர்கள் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். மக்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். ஏறப்போய் இறந்தவர்கள் 37 பேர். தங்கள் மண்ணில் ஒரு விருந்தாளி அடிபட்டால் அந்தத் துக்கமும் பொறுப்பும் ஆனங்கு மக்களுடையது. கேலி, கெஞ்சல், சுற்றுலா வருமானக் கணக்கு எல்லாவற்றையும் தாண்டி, பூங்காக் குழு 2017-இல் முடிவெடுத்து, 2019 அக்டோபர் 26 அன்று ஏற்றத்தை நிரந்தரமாக மூடியது. சங்கிலி இருந்த தடம் பாறையில் வெளுத்த கோடாக இன்னும் தெரிகிறது. மறு ஆண்டு, உச்சியிலிருந்து எடுத்த காட்சிகளைத் தன் வரைபடச் சேவையிலிருந்து கூகுள் நீக்கியது. பூங்கா கேட்டுக்கொண்டதும் செய்தார்கள்.

அடிவாரத்தைச் சுற்றி 10.6 கிலோமீட்டர் நடை. சில பகுதிகளில் 'இங்கே படம் எடுக்க வேண்டாம்' என்ற பலகைகள். அந்தப் பாறை வடிவங்களே வேதம் போன்றவை, உரியவர்கள் உரிய இடத்தில் மட்டும் பார்க்க வேண்டியவை என்று விளக்கம். எங்களுக்கு முன்னால் போன இளைஞர்கள் பலகையைக் கண்டதும் கேமராவைப் பைக்குள் வைத்தார்கள். இன்னொருவர் செல்பேசியை இடுப்பளவில் பிடித்து எடுத்துக்கொண்டே நடந்தார். என் கணவர் அவரைக் கூப்பிட்டுப் பலகையைக் காட்டினார். அந்த மனிதர் கோபப்படாமல் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிறு, யுலாரா

மாருகு ஆர்ட்ஸ் நடத்தும் ஓவிய வகுப்பு. மாருகு ஆனங்கு கலைஞர்களே உரிமையாளராக உள்ள அமைப்பு. ஓவியர் ஒரு பாட்டி. பிட்ஜன்ட்ஜாரா மொழியில் பேசினார். மொழிபெயர்க்க ஓர் இளம்பெண். சிவந்த மணலை உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தி, விரலால் அடையாளங்களைப் போட்டார்: உட்கார்ந்திருக்கும் பெண், நீர்ச்சுனை, ஈமுவின் தடம். அந்த விரலின் வேகம்!

ஒரு பயணி கதையின் மிச்சத்தைச் சொல்லச் சொன்னார். பாட்டி சிரித்துக்கொண்டே இரண்டே சொல் சொன்னார். "உங்களுக்கு இவ்வளவு போதும் என்கிறார்" என்றாள் பெண். வந்தவர்களுக்குச் சொல்வது குழந்தைகளுக்குச் சொல்லும் அளவு. அதற்கு மேல் வயது, உறவு, ஆண், பெண், எந்த நிலத்துக்கு உரியவர் என்பதைப் பொறுத்துப் படிப்படியாகத்தான் கிடைக்கும். அவருக்கே பக்கத்து நிலத்தின் கதையைச் சொல்ல உரிமை இல்லை.

இந்தப் படிநிலையை மதிக்காமல் புத்தகமே போட்டவர்கள் உண்டு. இந்த மக்களின் பெரியவர்கள் 1940-இல் நம்பிச் சொன்ன ரகசியங்களை மவுன்ட்ஃபோர்ட் என்ற ஆய்வாளர் 1976-இல் நூலாக வெளியிட்டார். பெண்களும் சிறுவர்களும் அதைப் பார்த்தால் தங்கள் சமூக ஒழுங்கே குலையும் என்று மூத்தோர் நீதிமன்றம் போனார்கள். நம்பிக்கையின் பேரில் சொன்னதை வெளியிடக்கூடாது என்று இந்தப் பகுதி அடங்கிய வட பிரதேசத்தில் நூல் விற்பனைக்குத் தடை கிடைத்தது. 1994-இல் இன்னொரு வழக்கு: பூர்வகுடி ஓவியர்களின் புனிதக் கோலங்களை வியட்நாமில் கம்பளங்களாக நெய்து ஒரு நிறுவனம் இறக்குமதி செய்திருந்தது. காலால் மிதிக்க! ஓவியருக்குத் தெரியாமல் நடந்தாலும், குலத்தின் முன் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நீதிபதி அந்த அவமானத்தையும் கணக்கில் எடுத்து இழப்பீடு கொடுத்தார்.

மாலையில் கலாசார மையத்தின் கடையில் ஒரு மரப்பல்லி வாங்கினோம். காட்டு மரத்தில் செதுக்கி, காய்ச்சிய கம்பியால் சுட்டுக் கோலமிட்டது. செய்தவர் பெயரும் ஊரும் சீட்டில் இருக்கின்றன. அவருக்கு எப்படிப் பணம் போகிறது என்று கேட்டேன். ஊர் ஊராக வண்டியில் போய், செய்தவர் கையிலேயே விலை கொடுத்து வாங்கி வருகிறோம் என்றார்கள். டாட் மாலில் நான் கேட்ட அதே மாதிரிக் கேள்விதான், இங்கே பதில் சொல்ல அரை நிமிடம்கூட ஆகவில்லை.

2023 ஜனவரியில் ஆஸ்திரேலிய மத்திய அரசு தன் கலாசாரக் கொள்கையில், பூர்வகுடியினரின் மரபறிவையும் கலை வடிவங்களையும் காக்கத் தனிச் சட்டம் கொண்டுவருவோம் என்று அறிவித்தது. அந்தச் சட்டத்தைப் பற்றிக் கேட்டு எங்கள் தொகுதி எம்.பி.க்கு ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். மூன்று கேள்விகள். போலிகளை இறக்குமதி செய்வதே குற்றமாகுமா? கோலத்துக்கு உரிமை தனி ஓவியருக்கு மட்டுமா, குலத்துக்குமா? வழக்குப் போடும் செலவை யார் ஏற்பார்கள்? நாளை மதியம் விமானம். அதற்கு முன் அனுப்பிவிடுவேன். பதில் வந்தால் அப்படியே இங்கே போடுகிறேன்.